கோடிகளில் ஒரு குழந்தைப் பாட்டு

சென்னையில் ஒரு தகப்பன் மகளுக்காகச் செய்த சிறு வீடியோ, உலகச் சந்தையில் இடம்பிடித்த நிறுவனமாக வளர்ந்தது. இந்த வியாபாரத்தில் லாபக் கணக்கு தெளிவாக இருக்கிறது. குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்ற கணக்கில்தான் குழப்பம்.

1989-ல் ஏவி.எம். தயாரித்த ராஜா சின்ன ரோஜா படத்தில் ரஜினிகாந்தும் சில குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு சேர்ந்து ஆடிப் பாடும் காட்சி ஒன்று உண்டு. மனிதரும் சித்திரமும் ஒரே திரையில் உலவுவதைக் காணவே குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தியேட்டருக்குப் போனவர்கள் பலர். படத்துக்கு இசையமைத்தவர் சந்திரபோஸ். அவர் 2010-ல் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து, அவருடைய மகன் வினோத் சந்தர் தன் பெண் குழந்தை பார்த்துச் சிரிப்பதற்காக ஒரு கார்ட்டூன் பாட்டைத் தயாரித்தார். ஆங்கில மழலைப் பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளும் ஒப்பிக்கும் 'சப்பி சீக்ஸ்'தான் அந்தப் பாட்டு. ஓடும் நேரம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று முன்பின்.

குழந்தைக்குப் பிடித்திருந்தது. யூடியூபில் போட்டுவைத்தார். முன்பின் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் லட்சக்கணக்கில் பார்வைகள் குவிந்தன. அடுத்து போட்ட 'ட்விங்கிள் ட்விங்கிள்' அதையும் விஞ்சியது. அப்போது சென்னையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் நடத்திக்கொண்டிருந்த வினோத் சந்தருக்கும் பி.எம். கிருஷ்ணன் உள்ளிட்ட அவரது நண்பர்களுக்கும் இது விளையாட்டுச் சமாச்சாரம் அல்ல என்று புரிந்துபோனது. மகளின் செல்லப்பெயரையே வைத்து 'சூ சூ டிவி' பிறந்தது. 2018-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் பத்திரிகை நீண்ட கட்டுரைக்காகச் சென்னைக்கே ஆளனுப்பியது. அதற்குள் மொத்தப் பார்வைகள் 1,000 கோடியைத் தாண்டிவிட்டிருந்தன. 2025-ல் அதன் முதன்மைச் சேனலுக்குச் சந்தாதாரர்கள் மட்டும் 9 கோடிக்கு மேல்.

செயற்கைக்கோள் இல்லை. ஒளிபரப்பு உரிமம் இல்லை. கேபிள்காரரின் தயவும் தேவைப்படவில்லை. 2004-ல் போகோவும் 2007-ல் சன் குழுமத்தின் சுட்டி டிவியும் வந்தபோது குழந்தைகளுக்கென்று ஒரு சேனல் நடத்துவது பெரும் முதலாளிகளால் மட்டுமே ஆகக்கூடிய காரியம். 2008-ல் ஹைதராபாத்தின் கிரீன் கோல்ட் நிறுவனம் உருவாக்கிய சோட்டா பீமும் போகோ வழியாகத்தான் வீடுகளுக்குள் நுழைய வேண்டியிருந்தது. சூ சூ டிவிக்கு அந்த வாசல்கள் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. இதே வழியில் பெங்களூரின் இன்ஃபோபெல்ஸ் தென்னிந்திய மொழிப் பாட்டுகளோடு வந்தது.

பண்டம் எப்படித் தயாராகிறது

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதாகத் தெரியும் வேலை. உள்ளே அது ஒரு சிறு சினிமா. முதலில் பாட்டு. பிறகு மெட்டு, குரல் பதிவு. காட்சி காட்சியாகப் படம் வரைந்து கதையோட்டத்தை முடிவு செய்வார்கள். அதன்பின் பாத்திரங்களைக் கணினியில் உருவாக்கி, எலும்புக்கூடு போல மூட்டுகள் பொருத்தி அசைய வைத்து, ஒளியும் நிழலும் சேர்த்து, ஒவ்வொரு பிரேமாகக் கணினி தீட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சில நிமிடப் பாட்டுக்கே பல கைகள், பல நாட்கள். ஆனால் ஒருமுறை உருவாக்கிய பாத்திரமும் அதன் வீடும் தோட்டமும் அடுத்த நூறு பாட்டுகளுக்கும் உதவும். முதலீடு திரும்புவது அங்கேதான்.

ஒரு விஷயத்தில் சூ சூ டிவி தனிவழி போனது. ஆங்கில மழலைப் பாட்டுகள் பலவும் விழுவதும் உடைவதும் அழுவதுமாக முடிபவை. கிருஷ்ணன் அவற்றுக்குத் தொடர்ச்சி எழுதினார். குன்றிலேறித் தண்ணீர் எடுக்கப்போய் உருண்டு விழும் ஜாக்கும் ஜில்லும் அவர்கள் கையில் அத்தோடு ஓய்வதில்லை. பறவைகளையும் எறும்புகளையும் பார்த்து விடாமுயற்சி கற்று, மறுபடி ஏறி, தண்ணீரோடு இறங்குகிறார்கள். தாத்தா பாட்டிக் கதையின் கடைசியில் ஒரு நீதி இருந்தாக வேண்டும் என்ற நம்மூர்ப் பழக்கம், இங்கிலாந்துப் பாட்டுக்குள் புகுந்துகொண்டது. பெற்றோர்களுக்கு இது பிடித்தது. கறுப்பும் வெளுப்புமாகப் பல நிறக் குழந்தைகள் ஒன்றாக விளையாடும் காட்சிகளும் உலகம் முழுவதும் எடுபட்டன.

வருமானம் விளம்பரத்திலிருந்து. வீடியோவோடு ஓடும் விளம்பரத்தில் கிடைப்பதில் 55 சதவீதம் தயாரிப்பாளருக்கு, மீதி யூடியூபுக்கு. இந்தக் கணக்கில் இரண்டு சங்கதிகள் முக்கியம். ஒன்று, எந்த நாட்டில் பார்க்கிறார்கள் என்பது. அமெரிக்கக் குழந்தையின் ஒரு பார்வைக்கு விளம்பரதாரர் தரும் தொகை, இந்தியக் குழந்தையின் பார்வைக்குத் தருவதைவிடப் பல மடங்கு. சென்னை நிறுவனம் ஆங்கிலப் பாட்டில் தொடங்கி ஆங்கிலத்திலேயே பெரிதாக வளர்ந்ததற்கு இந்த ஏற்றத்தாழ்வு ஒரு முக்கியக் காரணம். மற்றொன்று, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பது. 2012 வரை எத்தனை முறை சொடுக்கினார்கள் என்று பார்த்த யூடியூப், அந்த ஆண்டிலிருந்து எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்பதை அளவுகோலாக்கியது. இரண்டு நிமிடப் பாட்டுகள் பத்திருபது சேர்ந்து ஒரு மணி நேரத் தொகுப்புகளாக நீண்டது அதன் விளைவு. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியும் சேர்ந்துகொண்டது. 'போதும்' என்று சொல்லத் தெரியாத வயதினரே இங்கே வாடிக்கையாளர்கள்.

இந்திய வீடுகளில் கதவைத் திறந்துவிட்டது ஜியோ. 2016 செப்டம்பரில் அது வந்த கையோடு டேட்டா விலை சரிந்தது. அதுவரை எண்ணி எண்ணிச் செலவழித்த தாய்மார்கள், சோறு ஊட்டும் நேரம் முழுக்கக் கைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கும் நிலை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் யூடியூப் கிட்ஸ் செயலி இந்தியாவுக்கு வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, திரையைத் தள்ளிவைக்கலாம் என்றிருந்த கொஞ்சநஞ்ச வீடுகளும் சரணடைந்தன. அம்மாவும் அப்பாவும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். குழந்தையை யார் பார்ப்பது? கைபேசி பார்த்துக்கொண்டது.

லண்டன் வாங்கியது

சந்தையின் அளவை உலகம் உணர்ந்தது 2021-ல். கலிபோர்னியாவில் ஜே ஜியான் என்பவர் 2006-ல் தொடங்கிய சிறு சேனல் பெயர்கள் மாறி 2018-ல் 'கோகோமெலன்' ஆனது. 2018-ல் லண்டனில் தொடங்கப்பட்ட மூன்பக் நிறுவனம் அதை 2020-ல் வாங்கியது. அடுத்த ஆண்டே, முன்னாள் டிஸ்னி நிர்வாகிகள் கெவின் மேயரும் டாம் ஸ்டாக்ஸும் நடத்தும் கேண்டில் மீடியா மூன்பக்கை வாங்க முன்வந்தது. விலை சுமார் 300 கோடி டாலர். தென்கொரியாவின் பிங்க்ஃபாங் வெளியிட்ட 'பேபி ஷார்க்' 2022 ஜனவரியில் 1,000 கோடி பார்வைகளைத் தொட்ட முதல் யூடியூப் வீடியோ ஆனது. அந்த உயரத்தை முதலில் எட்டியது எந்தப் பாப் பாடகரின் பாட்டும் அல்ல, ஒரு குழந்தைப் பாட்டு!

பணம் பெரிதானதும் கருவிகளும் கூர்மையாயின. 2022-ல் நியூயார்க் டைம்ஸ் மூன்பக்கின் ஆய்வுக்கூடத்தைப் பற்றி எழுதியது. குழந்தை முன்னால் ஒரு பெரிய திரையில் புதிய வீடியோ ஓடும். சற்றுத் தள்ளி ஒரு சிறிய திரை. அதில் காபி ஊற்றுவது, முடி வெட்டிக்கொள்வது போன்ற சலிப்பூட்டும் பெரியவர்களின் காரியங்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். குழந்தையின் கண் எப்போது சிறிய திரைக்குத் திரும்புகிறதோ அந்த நொடியைக் குறித்துக்கொள்வார்கள். கவனம் பிசகிய இடத்தைச் செப்பனிடுவார்கள்.

இந்த யோசனை புதிதல்ல. 1968-ல் அமெரிக்காவில் செசமி ஸ்ட்ரீட் தொடருக்கு முன்னோட்டம் பார்த்த எட்வர்ட் பால்மர் என்ற உளவியலாளர் இதையே செய்தார். டிவிக்குப் பக்கத்தில் ஸ்லைடு புரொஜெக்டர் வைத்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை படத்தை மாற்றி, குழந்தை எப்போது திரும்புகிறது என்று பார்த்தார். உபகரணம் ஒன்றுதான், பயன்படுத்திய காரணம் வேறு. செசமி ஸ்ட்ரீட்டைத் தொடங்க 80 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அதில் பாதி அரசுப் பணம், மீதியில் பெரும்பங்கு கார்னகி, ஃபோர்டு அறக்கட்டளைகளுடையது. எந்த எழுத்து, எந்த எண், எந்தப் பண்பு என்று கல்வியாளர்கள் முன்கூட்டியே பட்டியல் போட்டுத் தந்தார்கள். குழந்தை பார்த்ததா என்று சோதித்தபின் கற்றதா என்றும் சோதித்தார்கள். இன்றைய சந்தையில் முதல் சோதனையில் தேறினாலே வருமானம் வந்துவிடுகிறது. இரண்டாவது சோதனையை நடத்தச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை.

இரண்டாவது சோதனை ஏன் அவசியம் என்பதற்கு ஆதாரங்கள் இருக்கின்றன. 2003-ல் பாட்ரிசியா குல் தலைமையில் நடந்த ஓர் ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பிரிவினரோடு சீன மொழி பேசுபவர் நேரில் அமர்ந்து விளையாடினார். இன்னொரு பிரிவுக்கு அதே பேச்சு டிவியில் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. டிவியில் பார்த்தவற்றுக்கு ஒன்றும் ஏறவில்லை. 2011-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த மற்றோர் ஆய்வில் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேர் பங்கேற்றார்கள். படு வேகமாகக் காட்சி மாறும் கார்ட்டூனை ஒன்பதே நிமிடம் பார்த்தவர்கள், படம் வரைந்துகொண்டிருந்தவர்களைவிட, பொறுமையும் திட்டமிடலும் தேவைப்படும் சோதனைகளில் பின்தங்கினார்கள். ஆக, ஒன்றரை வயதுக் குழந்தை திரையோடு சேர்ந்து கைதட்டுகிறது என்பதால் அது பாடம் படிக்கிறது என்று பெற்றோர் நினைத்துக்கொள்வதற்கு இல்லை.

மருத்துவர்களின் நிலை தெளிவு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது. இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. இரண்டு வயதுவரை, உறவினர்களோடு வீடியோவில் பேசுவது தவிர வேறெதுவும் கூடாது. ஐந்து வயதுவரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்க. யூடியூபில் பிரபலமான மழலைப் பாட்டுத் தொகுப்புகள் பல ஒரு மணி நேரத்துக்குக் குறையாதவை. ஒரே தொகுப்பில் ஒரு நாளின் ஒதுக்கீடு தீர்ந்துவிடுகிறது.

களைகளும் வேலியும்

நல்ல எண்ணத்தோடு செய்பவர்களுக்குப் பக்கத்திலேயே விஷமும் முளைத்தது. 2017-ல், பிரபலமான கார்ட்டூன் பாத்திரங்கள் ஊசி குத்திக்கொள்வதும் ரத்தம் சிந்துவதுமான போலி வீடியோக்கள் குழந்தைகளின் திரைகளில் தானாக வந்து விழுந்தன. பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் பிரிடில் அந்த நவம்பரில் எழுதிய கட்டுரை உலகெங்கும் பெற்றோர்களைத் திடுக்கிட வைத்தது. யூடியூப் அவசரமாகக் களையெடுத்தது. ஆனால் 2018-ல் பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் கேட்டபோது, யூடியூப் பார்க்கக் குழந்தைகளை அனுமதித்த பெற்றோர்களில் 61 சதவீதம் பேர், குழந்தைக்கு ஒவ்வாத ஏதோ ஒன்றை அங்கே கண்டதாகச் சொன்னார்கள்.

பெரிய அடி 2019 செப்டம்பரில் விழுந்தது. பெற்றோர் சம்மதமில்லாமல் குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் தொடுத்த வழக்கில், கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. 2020 ஜனவரி முதல், குழந்தைகளுக்கான வீடியோ எது என்று தயாரிப்பாளரே அறிவித்தாக வேண்டும். அப்படி அறிவித்த வீடியோவில், பார்ப்பவரைப் பின்தொடர்ந்து தேர்ந்தெடுக்கும் விளம்பரம் ஓடாது. கருத்துப் பகுதியும் கிடையாது. குறிபார்த்துப் போடும் விளம்பரத்துக்குத்தான் அதிக விலை என்பதால், உலகெங்கும் குழந்தைப் படத் தயாரிப்பாளர்களின் வருமானத்தில் துண்டு விழுந்தது. பாத்திரங்களைப் பொம்மையாகவும் பையாகவும் விற்பது, ஓ.டி.டி. தளங்களுக்குக் கொடுப்பது, சொந்தச் செயலி நடத்துவது என்று பெரிய நிறுவனங்கள் வேறு வழிகளைத் தேடின. சிறியவர்களுக்கு அந்த வழிகள் அவ்வளவு எளிதல்ல. 2021 நவம்பரில் யூடியூப் இன்னொரு விதியும் சேர்த்தது. வெறும் பொம்மை விற்பனைக்காகவோ கெட்ட நடத்தையைத் தூண்டுவதாகவோ உள்ள மட்டமான குழந்தை வீடியோக்களுக்கு விளம்பர வருமானம் குறையும் அல்லது நிற்கும். அண்மை ஆண்டுகளில் வந்துள்ள புதிய தலைவலி செயற்கை நுண்ணறிவு. எழுத்தாளரும் ஓவியரும் இல்லாமல் சொடுக்குகிற நேரத்தில் குழந்தைப் பாட்டு தயாராகிறது. ஸ்டூடியோ வைத்து ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பவர், அதே திரையில் இதோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

தமிழ் எங்கே?

இதில் தமிழ்க் குழந்தைக்குத் தனியாக ஒரு நஷ்டம் உண்டு. சூ சூ டிவிக்குத் தமிழ்ச் சேனல் இருக்கிறது. இன்ஃபோபெல்ஸின் தமிழ்ப் பாட்டுகளுக்கும் பெரிய கூட்டம் உண்டு. ஆனாலும் விளம்பர விலை ஆங்கிலத்தின் பக்கமே இழுக்கிறது. ஆங்கிலப் பாட்டுக்குச் செய்த படத்தையே வைத்துக்கொண்டு தமிழில் வார்த்தை போட்டால் செலவு மிச்சம். அப்படி வரும் பாட்டில் உதட்டசைவு ஒரு பக்கம், சந்தம் ஒரு பக்கம். பண்ணையில் பன்றி, வாத்து, பனிமனிதன். நம் ஊர்க் குழந்தையின் தெருவில் இருக்கும் காக்கையும் கன்றுக்குட்டியும் அதில் வருவது அபூர்வம். அழ. வள்ளியப்பா வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்கென்றே எழுதிய மொழி இது. சந்தத்துக்குப் பஞ்சமில்லை. சித்திரம் போட்டுத் திரைக்குக் கொண்டுவர முதலீடு செய்பவர்கள்தான் குறைவு.

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் வளரும் தமிழ்க் குழந்தை 'அ' என்ற எழுத்தை முதலில் பார்ப்பது பெரும்பாலும் இப்படியொரு வீடியோவில்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டை நிறுத்தி, "இது என்ன?" என்று கேட்கிற வீட்டில் அதே இரண்டு நிமிடம் பேச்சுக்கு வித்தாகிறது. தனியாக விடப்பட்ட குழந்தைக்கு அது வெறும் வெளிச்சம். தயாரிப்பாளர்கள் தங்கள் தரப்பில் சொல்வதும் இதைத்தான்: நாங்கள் நல்ல சரக்கைத் தருகிறோம், அளவைப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும். நியாயமான பேச்சு. ஆனால் அளவு கூடக் கூட வருமானம் கூடும் ஏற்பாட்டில், அளவைக் காக்கும் பொறுப்பு முழுவதும் சோற்றுக் கிண்ணத்தோடு களைத்து உட்கார்ந்திருக்கும் தாயின் தலையில் விழுகிறது.

அந்தச் சுமையில் ஒரு பங்கைச் சட்டம் ஏற்க முன்வந்திருக்கிறது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட சம்மதம் இல்லாமல் அவர்களின் விவரங்களைக் கையாளக் கூடாது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. சில விலக்குகளைத் தவிர இதுவே விதி. எவ்வளவு நேரம் ஓடலாம், அடுத்த வீடியோ தானாக வரலாமா, குழந்தை எதையாவது கற்றதா என்ற கேள்விகளுக்குள் சட்டம் போகவில்லை.

சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். விதிகள் வெளியான மாதத்தில் பிறந்த குழந்தைக்கு அவகாசம் முடியும் 2027 மே மாதத்தில் ஒன்றரை வயது ஆகியிருக்கும். மருத்துவர்களின் கணக்கில் அப்போதும் அது திரையே பார்க்கக் கூடாத வயது. சந்தையின் கணக்கில் அதற்குள் அது பழைய வாடிக்கையாளர்.